தையல் மெஷின் இழுப்பறையில் ஒரு மோதிரம்

மார்ச் 4

நாற்பத்தொன்பது வயதில் முதல் கல்யாணத்துக்கு நிற்கிறவள் செய்யக்கூடாத காரியம் ஒன்றை இன்று செய்தேன். நான் கட்டிக்கொள்ளப்போகிற கண்ணாடிக்காரர் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், காலமான அவர் மனைவியின் மோதிரத்தை எடுத்து என் விரலில் போட்டுப் பார்த்தேன்.

ஏன்? தெரியாது. முன்னறையில் அந்த அம்மாவின் தையல் மெஷின். இழுப்பறை அரைவாசி திறந்திருந்தது. பட்டன்களுக்கு நடுவே, தூக்கிக் கட்டிய பூ வைத்த மோதிரம். போகும்போது சுலபமாகப் போயிற்று. திரும்பி வரமாட்டேன் என்றது. எச்சில் தொட்டு இழுத்தேன். விரல் கத்தரிக்காய் நிறம். உள்ளேயிருந்து, சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கிறார். ஏழு என்று சொல்லியிருக்கிறேன்.

பல் டாக்டரிடம் பதினாறு வருடமாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்ததற்கு இன்றுதான் பலன் கிடைத்தது. கைப்பையில் சாம்பிளாக வந்த ஃப்ளாஸ் டப்பா. பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற வெள்ளை நூல், புதினா வாசனையோடு. அதை விரலில் நெருக்கிச் சுற்றி, மோதிரத்தை அதன்மேல் ஏற்றி உருவி, இழுப்பறையில் போட்டேன். அவர் வந்தபோது நான் ஜன்னலை ரசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மூடியிருந்தது.

மார்ச் 5

விரல் வீக்கம். கதவில் நசுங்கியது என்றேன். டாக்டர், எந்தக் கதவு, சரி பண்ணச் சொல்கிறேன் என்கிறார்.

மார்ச் 9

மோதிரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கண்ணாடிக்காரர் போன் செய்தார். தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். விஷயம் வேறு.

"அவ மோதிரத்த உருக்கி, கொஞ்சம் புதுத் தங்கம் சேத்து, நமக்கு ரெண்டு மோதிரமா பண்ணிக்கலாம்னு தோணுது. அவ சம்மதத்தோட நடக்கற மாதிரி இருக்கும்ல?"

என் தலை ஆடிவிட்டது. பதினாறு வருடமாக நோயாளிகளிடம் "ஆமா, வலிக்காது" என்று ஆட்டிப் பழகிய தலை. அதற்கு யோசிக்கத் தெரியாது.

மார்ச் 11

பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த அம்மா என் விரலில் இருப்பாளா? நான் தேய்க்கிற லட்சணத்தைப் பார்ப்பாளா? வேண்டாம் என்றால் பொறாமைக்காரி. வேண்டும் என்றால்... வேண்டுமா எனக்கு? அக்காவிடம் கேட்டேன். "இந்த வயசுல ஆள் கிடைச்சதே பெருசு, மோதிரத்துல என்னடி ஆராய்ச்சி" என்றாள். உடன்பிறந்த ஆறுதல்.

மார்ச் 16

கண்ணாடிக்காரரின் மகள் கிளினிக்குக்கு வந்தாள். முப்பத்திரண்டு பல்லும் முத்து. அவளுக்கு இங்கே என்ன வேலை? வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"அம்மா தைக்கும்போது அந்தப் பூவுல நூல் சிக்கிக்கும் ஆன்ட்டி. பல்லால கடிச்சு எடுப்பாங்க. அத உருக்க வேணாம்னு நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா, உங்கள எனக்குப் பிடிக்கலன்னு அப்பா நினைச்சுக்குவார்."

இதுவரை என்னிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பெண். "நான் பாத்துக்கறேன்மா" என்று பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 17

நகைப் பட்டறைக்கு போன் செய்தேன். "அவர் குடுத்த பழைய மோதிரமா? நேத்தே உருக்கியாச்சே" என்றார் பட்டறைக்காரர், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

ஒன்பதாம் தேதி அந்தப் பாழாய்ப்போன தலையை ஆட்டாமல் இருந்திருந்தால்.

மார்ச் 19

அந்தப் பெண் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டாள். எடுக்கவில்லை. எடுத்து என்னத்தச் சொல்றது? உங்கம்மாவ உருக்கிட்டோம்மான்னா? வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சித்திக்காரி வேலையைக் காட்டிவிட்டேன்.

கல்யாணத்தை நிறுத்திவிடலாமா?

மார்ச் 20

சோறு இறங்கவில்லை. அக்கா, இளைத்தால் ரவிக்கை தொளதொளக்கும் என்கிறாள்.

மார்ச் 22

இனி தாங்காது. அப்பாவையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதாவது, இவள் கேட்டது, நான் பிந்தியது. மார்ச் நாலாம் தேதியை மட்டும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். கை என்னவோ போலிருந்தது. இத்தனை வருடம் அவர் கழற்றாத அவருடைய பழைய கல்யாண மோதிரம் இல்லை. அந்த இடத்தில் வெளிறிய வளையம்.

"உருக்கினது என்னோடத" என்றார். "அவளோடத மனசு வந்து குடுக்க முடியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே பூ மோதிரம். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சொல்லப்போனால், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பட்டறைக்குக் குடுக்கணும்னுதான் எடுத்தேன்" என்றார் அவர். "பாத்தா பூவுக்கடியில துளி வெள்ளை நூல். கடைசியா தைச்சப்போ சிக்கினது. எட்டு வருஷமா அப்படியே இருந்திருக்கு. அதுக்கப்புறம் எப்படி உருக்கறது?"

மகள் அழுதாள். அவரும். நானும் குனிந்து பார்த்தேன்.

புதினா வாசனை இன்னும் போகவில்லை.