இரண்டாவது காகிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அலுத்துப்போய் இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதே, விழுங்கும்வரை பக்கத்திலேயே நில். அவர் இருக்கும் அறைக்குள் அத்தான் இன்னும் கால் வைப்பதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல இரண்டு முறை எண்ணைப் போட்டேன். வாய் வரவில்லை, வைத்துவிட்டேன்.

மூடிப்போன ஆலைகளின் வரலாறு என்று பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து ஏழு மாதமாகிறது. நம் ஊர் மில்லின் தலைமை அலுவலகம் இந்த நகரத்தில்தான் இருந்தது. அதன் காகிதங்கள் எல்லாம் ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில் கிடக்கின்றன. ஜன்னல் இல்லாத அறை. பேனா கூடாது, பென்சில் மட்டும். நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே படிக்கிறேன். காப்பாளர் நல்ல மனிதர். முதல் நாளே, "உங்களுக்கு முன்னாடி இங்க ஆராய்ச்சி பண்ணது கரையான் மட்டும்தாம்மா. அது பாதிய முடிச்சிடுச்சு" என்றார்.

இயக்குநர்கள் கூடிப் பேசியதை எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று நான்காம் மாதம் கையில் கிடைத்தது. மில்லை மூடுவது, இயந்திரங்களை விற்க ஆள் பார்ப்பது என்று அதில் தீர்மானம். கடைசியில் ஒரு வரி: ‘தொழிலாளர்களுக்கு இப்போது தெரிவிக்க வேண்டியதில்லை.’ தேதியைப் பார்த்தேன். அப்பா சங்கச் செயலாளராக நின்று வேலைநிறுத்தம் அறிவித்தாரே, அதற்குப் பத்தொன்பது மாதம் முந்தைய தேதி.

அன்றே உனக்கு எழுதியிருப்பேன். என் பேராசிரியைதான் தடுத்தார். "ஒரே ஒரு காகிதத்த வச்சுக்கிட்டு ஊரக் கூட்டாத. தீர்மானம் போடுறவங்க எல்லாரும் அதைச் செஞ்சிடறாங்களா என்ன? இன்னொண்ணு கொண்டா" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்த இன்னொன்றைத் தேடி மூன்று மாதம் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கட்டினேன். போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இயந்திரங்களை வாங்கியவர்களின் கடிதம். காப்பீட்டுக் கடிதங்களுக்கு நடுவே தவறிச் செருகியிருந்தார்கள். விலை படிந்துவிட்டது, ஆறு மாதத்தில் வந்து கழற்றிக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் வேலைநிறுத்தத்துக்கு நான்கு மாதம் முன்பு.

ஆக, அப்பா வேலைநிறுத்தத்துக்குக் கையைத் தூக்கியிருந்தாலும் தூக்காவிட்டாலும் மில் மூடித்தான் இருக்கும். அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அப்பா அறியாமல் அதைக் கொடுத்துவிட்டார்.

அத்தானைக் குறை சொல்லவில்லை. "உங்கப்பா கையத் தூக்கினாரு, அறுநூறு வீட்டு அடுப்பு அணைஞ்சுது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அதே மில்லில் ஃபிட்டராக இருந்த மனுஷன், இருபது வருஷம் யார் யார் வீட்டு வாசலிலோ காவல் நின்றார். கோபத்தை அவரும் எங்கேதான் கொண்டுபோய் வைப்பார்? இரண்டு காகிதங்களின் நகலும் இதோடு இருக்கின்றன. முதலில் அவரிடம் கொடு.

என் தூக்கம் போனது வேறொன்றால். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு கட்டுரை எழுதினேனே, அதில் மில் மூடியதற்கு வேலைநிறுத்தமே காரணம் என்று நானும்தான் எழுதினேன். ஒரு காகிதம்கூடப் பார்க்கவில்லை. ஊர் வாயில் இருந்ததை அப்படியே எழுதினேன். அச்சில் வந்ததும் பெருமையாக அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். "சரியாத்தாம்மா எழுதியிருக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் மில்லைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பழைய கட்டுரை தவறு, எழுதியவளும் நானே என்று புதியதில் எழுதியிருக்கிறேன். அது அச்சாக ஒரு வருஷம் ஆகும் என்கிறார்கள். அதுவரை பொறுக்க எனக்குத் தைரியம் இல்லை அக்கா.

காலையில் அப்பா தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, இடது காதுப் பக்கம் உட்கார்ந்து, இதை நிதானமாகப் படித்துக் காட்டு. என் கட்டுரையைப் பற்றிய பகுதியை விட்டுவிடாதே. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதே. கேட்டுக்கொண்டார் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

உன் தங்கை