இரண்டு கைகளால்

அக்கா,

நான் வேலை கேட்டுப் போன ஷூ கம்பெனியின் தைவான்கார மேனேஜர் அம்மா தன் விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். எனக்கு யாரும் எதையும் அப்படித் தந்ததில்லை. நானும் அப்படியே வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். ஏனென்று கேட்க ஆசை, வாய் வரவில்லை.

பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பவரே சொன்னார்: "படிக்காம பாக்கெட்ல போட்டா அவங்க ஊர்ல மரியாதை இல்லம்மா. உனக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் அதைத்தான் பண்ணாங்க."

என் மெதுவான படிப்புக்கு இப்படி ஒரு மதிப்பா!

அடுத்து என் விண்ணப்பத்துக்காக இரண்டு கைகளையும் நீட்டினார். அதில் நீ 'பத்தாம் வகுப்பு' என்று எழுதியிருந்தாய். "யாருடி படிச்சுப் பார்க்கப் போறா?" என்றாய். இவர் படிப்பார், அக்கா.

வேலை போனாலும் போகட்டும் என்று பேனா கேட்டு வாங்கினேன். பத்தை அடித்து, ஏழு என்று எழுதி, இரண்டு கைகளாலும் கொடுத்தேன்.

உன் வாயில்லாப்பூச்சி