ஆலை மடுவில் ஒரு குரல்

வியாண்டன்,
வியாழன் மாலை.

அன்புள்ள ஹெட்விக்குக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஆற்றின் அடியைப் பார்க்கும் வாளியின் அடிக்கண்ணாடியை வினிகர் விட்டுத் துடைத்தேன். லோதாரின் வாளிதான். கீல் நகருக்குக் கிளம்பும்போது நீ என்னிடம் விட்டுப்போனாயே, அது. அங்கே கடல் காற்று உன் மூட்டு வலிக்கு ஒத்துக்கொள்கிறதா? ஃபோனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

இன்று ஆலை மடுப் பக்கம் சிப்பிக் கணக்கெடுப்பு. எல்லை ஆற்றின் எங்கள் நாட்டுக் கரையோரம் நான், எதிரே உங்கள் ஜெர்மன் கரையோரம் ஹைக்கெ. உன் கணவர் லோதார் பார்த்த வேலைக்கு வந்திருக்கும் பெண். நல்லவள், ஆனால் விளையாட்டுப் பேச்சே கிடையாது. உயிருள்ள சிப்பி என்றால் "உயிர்" என்பாள், வெறும் ஓடு என்றால் "காலி" என்பாள், அவ்வளவுதான். லோதாரைப் போல "வீட்டுக்காரம்மா இருக்காங்க!", "வீடு பூட்டியிருக்கு!" என்று கத்தி என்னைச் சிரிக்க வைக்க அவளுக்கு வராது.

பனி அப்படி இறங்கியிருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. "நான் இறங்கிட்டேன்" என்று குரல் கொடுத்தேன்.

"வீடு பூட்டியிருக்கு" என்று பதில் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடியே ஹைக்கெ, இதெல்லாம் எப்போ கத்துக்கிட்ட?" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "வீடு பூட்டியிருக்கு." ஆண் குரலா பெண் குரலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பனி குரலைத் தோலுரித்துவிடுகிறது.

மடுவின் விளிம்பை எட்டியபோது அது மிக அருகில் கேட்டது. கரையிலிருந்து அல்ல ஹெட்விக், நடு ஆற்றிலிருந்து. அங்கே யாருக்கும் கால் எட்டாது.

"வீட்டுக்காரர் இருக்கார்."

எப்படிக் கரையேறினேன் என்று தெரியவில்லை. ஹைக்கெயை அழைத்தேன். ஃபோனில் பேண்டு வாத்தியம் காதைத் துளைத்தது. "ஊர்வலத்துல இருக்கேன் மரியெட்! இன்னிக்கு நற்கருணைப் பெருவிழா. உங்க கரையில சாமிக்குக்கூட லீவு கிடையாதா?" என்று கேலி செய்தாள். வருடத்துக்கு ஒருமுறையாவது எதிர்க்கரையின் விடுமுறையை நம்மில் யாராவது மறந்துபோவதுதானே. இந்த முறை நான். அந்தக் கரையில் யாருமே இல்லை.

மடுவுக்குள் யாராவது இறங்கித் தேடினார்களா என்று மதியம் இரண்டு நாட்டுப் போலீசிடமும் கேட்டேன். அந்த வெள்ளத்தில், சிப்பிக் கூண்டுகளைக் காப்பாற்றப் போன லோதார் திரும்பாதபோது, ஜெர்மன் போலீசார் உங்கள் கரையைத் தேடினார்கள். எங்கள் போலீசார் எங்கள் கரையைத் தேடினார்கள். ஆறு இருவருக்கும் பொது. அதனால் மடுவுக்குள் எதிர்த்தரப்பு இறங்கியிருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். யாரும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை அந்த மடுவில் சரளைக்கல் கொட்டப்போகிறார்கள். தொட்டியில் வளர்த்த குஞ்சுச் சிப்பிகளுக்குப் படுக்கை. லோதார் இரண்டு அரசாங்கத்திடமும் சண்டை போட்டு வாங்கிய திட்டம்தான். தள்ளிப்போனால் குஞ்சுகளில் பாதி தொட்டியிலேயே செத்துவிடும், அவர் இருந்தால் என்னைத் திட்டுவார். கொட்டிவிட்டாலோ, அடியில் இருப்பது என்றைக்கும் அடியிலேயே.

இரு கரையின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு லாரியும் நகராது. எங்கள் கரைக்குக் கையெழுத்து என்னுடையது. நான் போடப்போவதில்லை. முதலில் இரு நாட்டு முக்குளிப்பவர்களும் ஒன்றாக அங்கே இறங்கட்டும். இதை இன்னும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

கல்லறைக் கல் வேண்டாம், அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. கிளம்பி வா. உன் கரையில் நின்று நீயே கூப்பிடு. என் கரையில் நான் நிற்கிறேன். வீடு பூட்டியிருக்கிறதா, உன் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று இருவருமாகக் கேட்போம்.

வழியெல்லாம் தெய்வம் உனக்குத் துணை வரட்டும்.

உன்
மரியெட்