ஸ்டாம்பில் எந்தத் தேதி

என்னங்க, லால்குடிக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். வியாழக்கிழமை வந்துடுவேன். ரசம் அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

நம்ம கூரியர் கடை தேதி ஸ்டாம்பு டிவி பக்கத்துல இருக்கு, மறக்காம எடுத்துட்டுப் போங்க. எழுத்து இடுக்குல அடைச்சிருந்த மையைப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டேன். மங்கலா விழுந்தா, உள்ள இருக்கிற பேடை உருவி நாலே சொட்டு மை விட்டு ஊற விடுங்க. போன மாசம் மாதிரி பாட்டிலைக் கவிழ்த்துட்டு வேட்டியைக் கொண்டாந்து காட்டாதீங்க.

தினம் காலைல தேதியை ஒரு நாள் மட்டும் தள்ளுங்க. போன தடவை நான் ஊருக்குப் போனதுமே, திரும்பி வர்ற தேதியை வச்சு எல்லா ரசீதுலயும் குத்தித் தள்ளிட்டீங்க.

கலைமதி

பி.கு.: அதுக்கு நான் அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது. புதன்கிழமையே வந்துடறேன். அந்தத் தேதியையும் இப்பவே வச்சுடாதீங்க.