ஒன்பது கோழிகளும் சோசம்மா சேச்சியும்

அன்புள்ள அம்மா,

"யாருடி போன் பண்ணிச் சொன்னது?" என்று அன்று நீங்கள் கேட்டபோது, நான்தான் என்று சொல்லவில்லை.

உங்கள் பத்துக் கோழிகளில் ஒன்று செத்துக் கிடந்தது. குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் பரவியிருந்ததால் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மருந்து தருவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா போன பிறகு நீங்கள் ஜெபக்கூட்டத்துக்குக்கூடப் போனதில்லை. "மனுஷங்க பேசினா பதில் சொல்லணும். இதுங்களுக்கு அரிசி போட்டாப் போதும்" என்று கோழிகளைக் காட்டிச் சொல்வீர்கள்.

மூன்றாம் நாள் உடல் மூடிய வெள்ளை உடையில் ஆட்கள் சாக்குகளோடு வந்தார்கள். "அந்தக் கறுப்பியை மெல்லப் புடிங்க, அவளுக்குக் கால் வலி" என்று மட்டும் அவர்களிடம் சொன்னீர்கள். கால் மணி நேரத்தில் மிச்சமிருந்த ஒன்பதையும் கொன்று முடித்தார்கள்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு சோசம்மா சேச்சி நின்றார், ஊரில் நீங்கள் பேசும் ஒரே மனுஷி. "கோழி நாத்தம் தாங்கலைன்னியே, இப்ப திருப்தியாடி?" என்று அவரைக் கேட்டீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் சேச்சி குடம்புளி போட்ட மீன் கறி கொண்டுவந்தார். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. படியில் வைத்துவிட்டுப் போனார். அன்று காலைதான், நம் கோழிக்குக் காய்ச்சல் என்று, அவருடைய நாற்பது வாத்துகளையும் கொன்றிருந்தார்கள்.

உங்கள் மகள்