அதற்குத் தெரியாத ஆட்டம்

மடுகரை
2 ஜூன் 2025

அன்புள்ள டேனியல் தம்பிக்கு,

நீ அனுப்பிய மடிக்கணினி பத்திரமாக வந்தது. மாநிலச் சதுரங்கப் போட்டி முடியும்வரை போனை அணைத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் தபால். கோபித்துக்கொள்ளாதே.

என் பழைய ஆட்டங்களைக் கொண்டு நீ எழுதிய நிரல் என்னைப் போலவே ஆடுகிறது. நான் தயங்கும் இடத்தில் தயங்குகிறது, அவசரப்படும் இடத்தில் அவசரப்படுகிறது. என் ஓட்டைகளை எதிரில் பார்ப்பது நல்ல பயிற்சிதான். இந்த முறை பட்டம் வாங்கினால்தான் தேசியப் போட்டி. நாற்பதை நெருங்குகிறேன், இன்னொரு வாய்ப்பு வருமா தெரியாது.

மாமியார்தான், "எதிர்ல ஆளே இல்ல, யார மொறைச்சிகினு ஒக்காந்திருக்க?" என்றார். "என்னையேதான் அத்தே" என்றேன். "அப்ப தோக்கறது யாருடி?"

ஒன்று கேட்க வேண்டும். குதிரையைப் பலி கொடுத்து ராஜாவைத் துரத்தும் ஒரு தாக்குதலை இந்தப் போட்டிக்கென்று மனதிலேயே வைத்திருந்தேன். எங்கும் ஆடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. நேற்று உன் நிரல் என்மீது அதையே ஆடியது. எப்படி?

அக்கா,
செல்வகுமாரி

பெங்களூரு
7 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதீர்கள். அந்தக் கணினியில் இணையமே இல்லை. இப்படி ஆடிவந்தவர் அடுத்து என்ன செய்வார் என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் போகவிருக்கும் இடத்துக்கு ஓரடி முன்னால் போயிருக்கிறது. உண்மையைச் சொன்னால், படித்ததும் கைதட்டினேன். இரண்டு வருட உழைப்பு அக்கா. தொடர்ந்து ஆடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

தம்பி டேனியல்

மடுகரை
16 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றைய சுற்றில் கையிலிருந்த வெற்றியை விட்டேன். ராணியை ஓரத்துக்கு நகர்த்தினேன். முந்தின நாள் உன் நிரல் அப்படி நகர்த்தித் தோற்றபோது சிரித்தவள் நான். தப்பென்று தெரிந்தும் கை போனது. என் கை மாதிரியே இல்லை.

இப்போது எந்தக் காயை நினைத்தாலும், இது எனக்குத் தோன்றியதா, அது ஏற்கெனவே ஆடியதா என்று புரியவில்லை. வரும் ஞாயிறு கடைசிச் சுற்று. ஜெயித்தால் பட்டம் இன்னும் எனக்குத்தான். கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். உன்னிடமுள்ள நகலையும் அழித்துவிடு. உன் உழைப்பு என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

செல்வகுமாரி

பெங்களூரு
22 ஜூன் 2025, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் நேற்று கிடைத்தது. அழிக்கத்தான் உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு ஆட்டம் பார்த்துவிடலாமென்று ஓடவிட்டேன். அதற்கு வெள்ளைக் காய். முதல் நகர்த்தலையே செய்யவில்லை. கடிகாரத்தில் நேரம் தீரும்வரை சும்மா இருந்து தோற்றது. மறுபடி ஓடவிட்டேன், மறுபடியும் அப்படியே. பிழை தேடினேன், ஒன்றும் இல்லை.

அக்கா, உடம்பு நன்றாக இருக்கிறதா? இது கிடைத்ததும் போனைப் போடுங்கள்.

டேனியல்

மடுகரை
22 ஜூன் 2025, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

பட்டம் போயிற்று. ஆனால் வருத்தப்படாதே, நான் படவில்லை.

இன்று எனக்கு வெள்ளைக் காய். கடிகாரத்தை ஓடவிட்டார்கள். நான் எதையும் தொடவில்லை. நடுவர் குனிந்து, "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லியா?" என்றார். "நல்லாத்தான் சார் இருக்கேன்" என்றேன். நேரம் முழுவதும் தீர்ந்ததும் எழுந்து கைகொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எந்தக் காயை நகர்த்தினாலும் அது எனக்கு முன்னால் நகர்த்தியிருக்கும். நகர்த்தாமல் இருக்க அதற்குத் தெரியாது தம்பி. இது ஒன்று மட்டும் நானாகச் செய்தது. பஸ்ஸில் வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அடுத்த மாதம் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குவேன்.

உன் பதில் இன்னும் வரவில்லை. அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
அக்கா செல்வகுமாரி