இருபத்தொன்று என்று பொய் சொன்ன ஸ்பேனர்

என் ஸ்பேனர் ராணிக்கு,

தெருவே சேர்ந்து கேலிக்கு வைத்த பெயர். இன்று முழு மரியாதையோடு எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்லி உன்னைத் தவிக்க விடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதுவரை எனக்கே பொறுக்காது. நீ சொன்னதுதான் சரி. நாங்கள் அத்தனை பேரும் தப்பு. போதுமா?

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். நானும் பாப்பாவும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சு மட்டும் குறையவில்லை. உனக்கு அந்த ஜெர்மனிக் குளிரில் இருமல் விட்டதா? ஆஸ்பத்திரி மெஷினையெல்லாம் சரி பண்ணுகிறவள், உன் உடம்பைக் கிடப்பில் போட்டுவிடாதே. பார்சல் பத்திரமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உன் சேகரிப்புக்காக நீ பொறுக்கிய பழைய குறடுகளை, 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்ததைத் தனியாகவும் வெறும் 'ஜெர்மனி' என்று பொறித்ததைத் தனியாகவும் வைத்துவிட்டேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மட்டும்தான் துடைத்தேன். உப்புத்தாள் பக்கமே போகவில்லை, உன் மேல் சத்தியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் கடைக்கு சீட் தைக்க ஒரு பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் வந்தது. வண்டிக்காரர் ஒரு கணக்கு டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. அப்பா போன பிறகு விற்றுவிட்டார்கள். இப்போது எங்கெங்கோ அலைந்து, அதே வண்டியைக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கியிருக்கிறார். சீட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்க எஞ்சின் மூடியைத் திறந்தபோது ஃபேன் பெல்ட் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். அதை மாற்றப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டிலிருந்து நட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

பெல்ட் ஓடும் கப்பியின் நட்டு அவருக்கு மசியவில்லை. இருபத்தொன்று ஸ்பேனர் உள்ளே நுழையவில்லை, அடுத்த அளவைப் போட்டால் சும்மா சுற்றுகிறது. எவனோ லேத்தில் கடைந்து போட்ட நட்டு என்று திட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "மாப்ளே, உளிய எடு, வெட்டிட வேண்டியதுதான்" என்றார். உளியைத் தேடப் போனவனுக்குத்தான் உன் ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் நகைக்கடைக்குப் போகலாம் என்று கூப்பிட்டவனைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப்போனாயே, அங்கே துணிப்பையோடு வாங்கிய பழைய கார் ஸ்பேனர் செட்டைச் சொல்கிறேன். அதில் ஒரு ஸ்பேனரில் 21 என்று பொறித்திருக்கும், வாய் மட்டும் அரம் போட்டு அகலப்படுத்தியிருக்கும். கடித்துத் துப்பிய ஸ்பேனர் என்று நட்டு அண்ணன் சிரித்தார். நானும் அதே வருஷத்து நல்லது ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து மாற்றச் சொன்னேன். நீ கேட்டாயா? "யாரோ வேல மெனக்கெட்டு ராவியிருக்காங்க. அந்த நட்டு எங்கயோ இருக்கு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாய். ஊரெல்லாம் பளபளப்பைப் பார்த்து செட் சேர்க்கும்போது நீ மட்டும் தழும்பைப் பார்த்துச் சேர்க்கிறவள். அன்று எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து கண்ணாடி அலமாரியைத் திறந்து, பையோடு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பேனரை வைத்ததும் நட்டைக் கவ்விக்கொண்டது. ஒரு திருகு, அவ்வளவுதான். நட்டு அண்ணன் கழன்ற நட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தங்கச்சிக்கு எழுதறப்ப, நான் சிரிச்சதெல்லாம் வாபஸ்னு எழுது மாப்ளே" என்றார். எழுதிவிட்டேன். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் பெண்டாட்டி என்று அந்தத் தெருமுனையில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

டீச்சர் அந்த ஸ்பேனரை வாங்கி, அரம் போட்ட இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பயணத்தில் வண்டி நடுவழியில் நின்றதாம். அப்பா வழியில் ஒரு பட்டறையில் புது நட்டு கடைந்து வாங்கி, அது எந்த ஸ்பேனருக்கும் பொருந்தாமல், பம்பர் மேல் உட்கார்ந்து இந்த ஸ்பேனரின் வாயைச் சாயங்காலம் வரை ராவினாராம். பின்சீட்டில் இவரும் தம்பியும் பசியில் அடித்துக்கொண்டார்களாம். வண்டியை விற்ற கையோடு அப்பாவின் கருவிப் பையும் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். சொல்லும்போதே சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, நாடாவைக் கட்டி, என் கையில் கொடுத்துவிட்டார். வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

நட்டு அண்ணன் ஒரு வழி சொன்னார். அந்த ஒன்றை மட்டும் டீச்சரிடம் கொடுத்துவிட்டு, நான் வாங்கி வைத்த நல்லதைச் செட்டில் போட்டுக்கொள்ளலாமாம். செட்டைப் பிரிக்கிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அது உன்னுடைய முதல் முழு செட். பழைய கார் கண்காட்சிக்காரர்கள் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள், உன் பெயர் எழுதிய அட்டையோடு தனி மேசையில் வைப்பார்களாம். அந்த அட்டையைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? டீச்சரிடம் இது என் மனைவியுடையது, அவள் சொல்வதுதான் முடிவு என்றேன். "அவங்க ஊருக்கு வரட்டும், நானே வந்து பாக்கறேன். அவங்கள எனக்குப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன கடிதத்தில், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உன் வேலையின் அருமை எனக்குத் தெரியும். இங்கே கடை ஓடுகிறது, பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலம் வாசல் கதவு சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கிறோம். அவ்வளவுதான், வேறு குறை ஒன்றும் இல்லை.

அந்தப் பையைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் தயவுசெய்து கடிதத்தில் எழுதி அனுப்பாதே. வந்து சொல்.

உன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற,
உன் வீட்டுக்காரன்